பெயர் மாளிகைக்கு; வெளியேற்றம் குப்பத்துக்கு!

சென்னை இராசாசி சாலையிலே உயர்ந்து நிற்கிறது ஒரு கட்டடம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம். யார் மனைக்குப் பட்டா உண்டு, யார் குடிசை புறம்போக்கிலே நிற்கிறது, எவர் குடியிருப்பவர், எவர் ஆக்கிரமிப்பாளர் என்பவற்றை ஏட்டிலே ஏற்றும் பேனா இருக்குமிடம். அந்தக் கட்டடத்துக்குச் சூட்டப்பட்டுள்ள பெயர், சிங்காரவேலர் மாளிகை! சூது வாது அறியாதார் மகிழ்வர். "மீனவர் குலத்திலே உதித்தவர் பெயரால் மாளிகையா! காலம் மாறிவிட்டது, காணீர்!" என்று களிப்பர். நாமும் களிக்கத்தான் விரும்புகிறோம். ஆனால் களிப்பு முகத்திலே மலருமுன் ஒரு கேள்வி தொண்டையிலே முள்ளாகத் தைக்கிறது. மீன் முள் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்! பெயருக்குரியவர் பிறந்த கரையிலே, அயோத்தியாகுப்பம் தொடங்கி நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் வழியாக அடையாற்று முகத்துவாரம் கடந்து ஊரூர்க் குப்பம் வரையிலே, வலை உலர்த்தும் மணலுக்கு உரிமை யாருடையது? அந்தக் கேள்விக்கு மாளிகையின் ஏட்டிலே என்ன விடை எழுதப்பட்டிருக்கிறது?

அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை. கேட்பதற்கு முன், அவர் யாரென்று இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், அவரை அறிந்தவர் குறைவு. அறிந்ததாக எண்ணிக்கொண்டிருப்பவரோ மிகுதி.

1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் பிறந்தார் சிங்காரவேலர். தந்தை வெங்கடாசலம், தாய் வள்ளியம்மை. குலம், கடலிலே உயிரைப் பணயம் வைத்துக் கரையிலே வயிற்றைக் கழுவும் குலம். குடும்பமோ வாணிபத்தால் ஓரளவு வசதி கண்ட குடும்பம். ஆகவே பையன் பள்ளிக்குப் போனான். கிருத்துவக் கல்லூரிக்குப் போனான். மாநிலக் கல்லூரியிலே பட்டம் பெற்றான். சட்டம் பயின்று உயர்நீதிமன்றத்திலே வழக்கறிஞனாகவும் ஆனான். இதைக் காட்டி ஒரு சாரார் வாதிடுவதுண்டு: "இவர் எப்படிப் பாட்டாளி வீட்டுப் பிள்ளை? கடற்கரைச் சாலையிலே வீடு, வீடு கொள்ளா நூல்கள், கையிலே பட்டம், மேனியிலே கருப்பங்கி! இவர் சீமான் அல்லரோ?" என்று.

வாதம் வக்கணையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டிலே காசு வந்தால் மட்டும் ஒருவன் சீமானாகிவிடுகிறானா? பணப்பெட்டியைத் திறந்து காட்டினால் பிறப்புப் பட்டியல் மூடிக்கொள்கிறதா? ஐரோப்பாவிலே ஒரு கப்பலோட்டியின் மகன் வணிகத்திலே பொருள் சேர்த்தால் அவனை வணிகன் என்று அழைப்பர். இங்கே அவன் மூன்றாம் தலைமுறையிலும் "குப்பத்தான்"தான். கருப்பங்கி அணிந்தாலும் உள்ளே மீன் நாற்றம் இருக்கிறதா என்று மோந்து பார்க்கும் மூக்குகள், அந்நாள் சென்னையிலே, குறிப்பாக நீதிமன்ற வளாகத்திலே, ஏராளம். மயிலாப்பூர் வழக்கறிஞர் கூட்டம் மாகாணத்தையே ஆட்டிப்படைத்த காலமது. லஸ் முனையிலிருந்து நொச்சிக்குப்பம் நடந்து போகும் தூரந்தான். ஆனால் அந்தத் தூரத்தை நடந்து கடந்தவர் அக்கூட்டத்திலே எத்தனை பேர்? மீன் மட்டும் குப்பத்திலிருந்து சில வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு வரும், மனிதன் வரமாட்டான், வந்தால் தீட்டு! நல்லவேளை, கடற்காற்றுக்குச் சாதி பார்க்கத் தெரியாததால் அது மட்டும் மாடவீதி வரையிலே தடையின்றி வீசிற்று.

ஆக, பட்டம் பெற்றவர். ஆயினும் பட்டினவர் வீட்டுப் பிள்ளை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவர் வாழ்வு விளங்காது. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் மதத்தை விட்டு அவர் இளமையிலேயே பௌத்தத்தின் பக்கம் பார்வையைத் திருப்பியது ஏன்? அயோத்திதாசப் பண்டிதரும் இலட்சுமி நரசுவும் சென்னையிலே பௌத்தம் பேசிய நாட்களிலே இவரும் அந்த வட்டத்திலே நின்றது ஏன்? ஏதோ ஓய்வுநேர ஆராய்ச்சி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஓய்வுநேரமா! முள்ளிலே நடப்பவன் செருப்புத் தேடுவது ஓய்வுநேரப் பொழுதுபோக்கா?

1921. ஒத்துழையாமை இயக்கம். வழக்கறிஞர் சிலர் நீதிமன்றத்துக்குச் சில நாள் விடுமுறை விட்டனர். சிலர் விடுமுறையிலிருந்து விரைவாகவே திரும்பினர். சிங்காரவேலரோ, ஊரறியத் தம் கருப்பங்கியைக் கொளுத்தினார். அறுபத்தொன்றாம் வயதிலே! அந்த வயதிலே மற்றவர்கள் உயில் எழுதுவர். காசிக்கு வழி கேட்பர். பேரனைத் தூக்கிக்கொண்டு கச்சேரி கேட்கப் போவர். இவர் தம் பிழைப்பைத் தீயிலே போட்டுவிட்டுத் தெருவிலே இறங்கினார். மறு ஆண்டு சனவரியிலே வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது, நகரம் கதவடைத்துக் காட்டிய எதிர்ப்பிலே முன்னின்றவரும் அவரே. அதே 1922ஆம் ஆண்டின் இறுதியில் கயா காங்கிரசு. கதரும் கைராட்டையும் கோலோச்சிய அந்த மாமன்றத்திலே ஒரு தாடிக்காரர் எழுந்து, அங்கிருந்தோரைத் "தோழர்களே" என்று விளித்து, நான் பொதுவுடைமைக்காரன் என்று அறிவித்தார். பண்டிதர்களும் பிரபுக்களும் நிறைந்த அவையிலே அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்! பூசை அறையிலே கருவாட்டுக் கூடை விழுந்ததுபோல விழுந்திருக்கும்.

இங்கே சற்று நின்று ஒன்றைப் பேச வேண்டும். சென்னைத் தொழிலாளருக்குத் தலைமை எங்கிருந்து வந்தது என்ற விவகாரம் அது.

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிற்று. பெரம்பூரிலே பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளரின் துயரைக் கண்டு துடித்த செல்வபதி செட்டியாரும் இராமானுசலு நாயுடுவும் தலைமை தேடிப் புறப்பட்டனர். எங்கே போனார்கள்? அடையாற்றுக்கு! பிரும்மஞான சபையைச் சேர்ந்த வாடியா தலைவரானார். வாடியாவை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. நல்ல மனிதர். அடையாற்று ஆலமரத்து நிழலை விட்டுப் பெரம்பூர்ப் புழுதிக்கு வந்தாரே, அதற்காக அவரைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் நடந்தது என்ன? பின்னி கம்பெனி வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. பெருந்தொகை இழப்பீடு என்ற கத்தி தலைக்கு மேலே தொங்கிற்று. முடிவிலே, தொழிற்சங்கத்தோடு தமக்கிருந்த தொடர்பை வாடியா விட்டுவிடுவது என்று உடன்பாடு ஏற்பட்டது. தலைவர் விலகலாம், விலகினார். தொழிலாளி எங்கே விலகுவான்? ஆலைச் சங்கு ஊதினால் அவன் வயிறு எழுந்து நடக்குமே! (இந்த வழக்கு எழுப்பிய கூச்சலே, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்குத் தூண்டுகோலாயிற்று. தோல்வியிலும் ஒரு பலன்!)

1921ஆம் ஆண்டு அதே ஆலைகளிலே வேலைநிறுத்தம். அதிலே சாதி புகுந்தது. ஆதித்திராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்ப, மற்றையோர் எதிர்க்க, புளியந்தோப்பு எரிந்தது, துப்பாக்கி வெடித்தது, பிணங்கள் விழுந்தன. நம்மவர் சிலருக்குக் கசப்பாக இருக்கும், ஆயினும் சொல்லத்தான் வேண்டும்: அந்நேரத்திலே ஆதித்திராவிடரை அவ்விடத்திலிருந்து அப்புறப்படுத்துக என்ற குரல், நீதிக் கட்சியின் பெருந்தலைவர்கள் பக்கத்திலிருந்தே எழுந்தது. நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகருக்கு அக்கட்சித் தலைவர் பெயரைச் சூட்டினோம். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். சாலைகளுக்கு உசுமான் பெயர், நாயர் பெயர். சூட்டியது தவறன்று. பார்ப்பனரல்லாதார் படிப்புக்கும் பதவிக்கும் அவர்கள் திறந்த கதவை மறப்பவன் நன்றி கெட்டவன். ஆனால் தியாகராயநகர்த் தெருப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். அந்தக் கதவு எந்த உயரத்திலே இருந்தது, யார் கைக்கு எட்டிற்று, யார் கைக்கு எட்டவில்லை என்பது புலப்படும்.

இந்தப் பின்னணியிலேதான் 1923 மே முதல் நாள் வருகிறது. இந்தியத் துணைக்கண்டத்திலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்ட இடம் எது? பம்பாய் ஆலைகளின் வாயிலா? கல்கத்தாவின் திடலா? இல்லை, தோழர்களே, சென்னைக் கடற்கரை! உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையிலே ஒரு கூட்டம். செங்கொடிக்குத் துணி கிடைக்காமற்போகவே, மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடியாக்கினார் சிங்காரவேலர் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஏட்டிலே சான்று தேடுவோர் தேடட்டும். சேலை கிழிந்ததோ இல்லையோ, கொடி பறந்தது உண்மை. அன்றே 'தொழிலாளர் விவசாயிகள் கட்சி' பிறந்தது. மே நாளை விடுமுறையாக்குக என்று அரசைக் கேட்டனர். ஆங்கிலத்திலே ஓர் ஏடு, தமிழிலே 'தொழிலாளன்' என்று ஓர் ஏடு. யாரிடமும் போய்த் தலைமை இரவல் கேட்கவில்லை. கடலோரத்துப் பிள்ளை, கடலோர மணலிலேயே கூட்டம் கூட்டினார்.

அந்த மணலை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளை அரசு வாளாவிருக்குமா? 1924இலே கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு! எம்.என். ராய், முசாபர் அகமது, டாங்கே, சௌகத் உசுமானி ஆகியோர் பெயர்களோடு சிங்காரவேலர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலம் குன்றியிருந்தமையால் அவரைக் கான்பூருக்குக் கொண்டுசெல்லவில்லை. ஆனால் வேடிக்கை பாருங்கள்: எந்தக் கான்பூருக்குக் குற்றவாளியாகப் போக இருந்தாரோ, அதே கான்பூருக்கு 1925 டிசம்பரிலே தலைவராகப் போனார். இந்தியப் பொதுவுடைமையாளரின் முதல் மாநாடு. தலைமை, சென்னை மீனவர் குலத்துச் சிங்காரவேலர்! வடக்கத்தி வரலாற்று ஆசிரியர்கள் அதை ஒரு வரியிலே கடந்து போகிறார்கள். நம் பாடநூல்கள் எத்தனை வரி எழுதியுள்ளன என்று வடக்கத்தியான் திருப்பிக் கேட்டால் நாம் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

அந்தத் தலைமை உரையிலே அவர் தீண்டாமையைப் பற்றியும் பேசினார். அது பொருளாதாரச் சிக்கல். உழைப்பவனுக்கு நிலமும் கூலியும் உரிமையும் கிடைத்தால் தீண்டாமை தானே கழன்று விழும் என்ற கருத்திலே பேசினார். இதிலே நாம் அவரோடு முழுதும் உடன்படவில்லை. ஏன் என்பதை அவர் வாழ்க்கையைக் கொண்டே கூறுகிறோம். பொருள் வந்தால் தீண்டாமை போகும் என்றால், வசதியான வீட்டிலே பிறந்து, மாநிலக் கல்லூரியிலே படித்து, உயர்நீதிமன்றத்திலே வாதாடிய அவரையே 'குப்பத்தான்' என்ற பார்வை தொடர்ந்தது ஏன்? 1921இலே ஒரே ஆலையிலே ஒரே கூலி வாங்கியவர்கள் புளியந்தோப்பிலே ஒருவர் மீது ஒருவர் பாய்ந்தது ஏன்? கூலிச் சீட்டு ஒன்றாக இருந்தும் குடத்துத் தண்ணீர் வேறாக இருந்ததே! பசிக்கு மருந்து பொருளாதாரம். இழிவுக்கு மருந்து அதுமட்டுமன்று. அதே நேரத்திலே, கோயிலுக்குள் விட்டால் போதும், சேர்ந்து உண்டால் போதும், நிலத்தையும் கூலியையும் பற்றிப் பேசாதே என்ற அன்றைய அரிசனப் பரிவுக்கு அவர் கொடுத்த அடி, சரியான அடி. பரிவு காட்டுகிறவன் தன் பத்தாயத்தைத் திறந்து காட்டட்டும் என்றுதானே அதற்குப் பொருள்!

அவர் சொன்னது பாதி என்றால் மற்றப் பாதி எங்கே இருந்தது? ஈரோட்டிலே இருந்தது. அங்கே வருமுன் சிறைச்சாலை வழியாக வர வேண்டியிருக்கிறது.

1928 சூலையிலே தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம். பட்டறைகளிலே ஆட்குறைப்பு, நாகையிலும் போத்தனூரிலும் இருந்தவற்றைப் பொன்மலைக்கு மாற்றும் ஏற்பாடு, வேலையிழக்கும் அச்சம். தண்டவாளம் ஊமையாயிற்று. அரசு அடக்குமுறையை அவிழ்த்துவிட்டது; பத்து நாட்களுக்குள் போராட்டம் நசுக்கப்பட்டது. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறை! சிங்காரவேலரின் அகவை அப்போது அறுபத்தெட்டு. பத்தாண்டு என்றால், சிறையிலேயே சாவு என்று எழுதாமல் எழுதிய தீர்ப்பு. பின்னர் தண்டனை குறைந்தது. 1930இலே வெளியே வந்தார், எழுபது வயதுக் கிழவராக. இனியேனும் ஓய்வார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். கிழவர் பேனாவை எடுத்தார்.

'குடிஅரசு' இதழிலே அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்த இளைஞர்கள், மின்னலைக் கண்டவர் போலாயினர். டார்வின் தமிழிலே பேசினார். ஐன்ஸ்டைன் தமிழிலே பேசினார். மார்க்சு பேசினார். பூமி எப்படித் தோன்றிற்று, உயிர் எப்படி வளர்ந்தது, பேய் ஏன் இல்லை, சோதிடம் ஏன் பொய் என்றெல்லாம், பட்டம் பெறாதவனுக்கும் பட்டறைக்காரனுக்கும் புரியுமாறு எழுதினார். இன்றைக்குக் கைக்குள் அடங்கும் கருவியிலே கோள்களின் படத்தையும் பார்க்கிறான், அதே கருவியிலே இராகுகாலத்தையும் பார்க்கிறான் நம் தமிழன். மயிலாப்பூரிலே மட்டுமா, நம் தோழர்கள் வீட்டுக் கூடத்திலுந்தான்! கிழவர் எழுதிய ஏடுகளை மறுபடி புரட்ட வேண்டிய தேவை தீர்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

பெரியார் சோவியத்து நாட்டையும் ஐரோப்பாவையும் கண்டு 1932 நவம்பரிலே திரும்பினார். டிசம்பர் இறுதியிலே ஈரோட்டிலே கூடினர். சிங்காரவேலர் வகுத்துத் தந்த சமதர்மத் திட்டம் ஏற்கப்பட்டது. 'ஈரோட்டுத் திட்டம்' என்று பெயர் பெற்றது. சாதி ஒழிப்பும் சமதர்மமும், சுயமரியாதையும் செங்கொடியும் ஒரே மேடையிலே! தமிழகத்தின் வரலாற்றிலே அதைப்போன்ற கூட்டு எளிதிலே அமைந்ததில்லை. ஆட்சியாளர் அதனால்தான் நடுங்கினர். 1933இலே பெரியாரும் கண்ணம்மையாரும் 'குடிஅரசு' தலையங்கத்துக்காகச் சிறைப்படுத்தப்பட்டனர். 1934இலே பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டது. இயக்கத்தைக் காப்பாற்றச் சமதர்மப் பிரச்சாரத்தைத் தளர்த்தினார் பெரியார். நீதிக் கட்சியோடு நெருங்குவதைச் சிங்காரவேலர் ஏற்கவில்லை, சீவானந்தமும் ஏற்கவில்லை. வழிகள் பிரிந்தன.

யார் செய்தது சரி என்று இன்றுவரை பட்டிமன்றம் நடத்துவோர் உண்டு. தாராளமாக நடத்தட்டும். நமக்குத் தோன்றுவது ஒன்று: பிரிந்ததால் ஆதாயம் பெற்றவர் ஈரோட்டாருமல்லர், செங்கொடியாருமல்லர், பண்ணையாரும் பூணூலாருந்தாம். பிரிந்த பிறகு ஒரு சாரார் சிங்காரவேலரைப் 'பழைய தோழர்' என்று பரணிலே வைத்தனர். மறு சாரார் 'முதற் பொதுவுடைமையர்' என்று படச்சட்டத்திலே வைத்தனர். 1946 பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். விடுதலை வர ஒன்றரை ஆண்டு இருந்தது.

இப்படிப் பரணிலே வைக்கும் பழக்கம் நமக்கு மட்டுமே உரியதன்று. அமெரிக்க நாட்டிலே, டெக்சாசு மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரிலே, எம்மா தெனாயூக்கா என்றொரு மங்கை. 1916இலே பிறந்தவர். மெக்சிக வழியினர், ஏழைப் பெருங்குடும்பம். தன் பதினாறாம் வயதிலே சுருட்டுத் தொழிலாளப் பெண்களின் மறியலிலே கைதானவர். 1938 சனவரி இறுதியிலே, பெக்கான் என்னும் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிலாளர் ஏறக்குறையப் பன்னிரண்டாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர் மெக்சிகப் பெண்கள். காற்றும் ஒளியுமற்ற கொட்டடியிலே நாளெல்லாம் உடைத்தாலும் இராத்தலுக்குச் சில காசு. அதையும் குறைத்தார்கள் முதலாளிகள். இருபத்தொரு வயது எம்மாவைத் தலைவியாக்கினர் தொழிலாளர். ஆனால், அவர் பொதுவுடைமைக்காரி என்று கூச்சல் கிளம்பியதும், வெளியிலிருந்து வந்த சங்கத் தலைவர்கள் அவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பொறுப்பை ஏற்றனர். மறு ஆண்டு அவர் பேசவிருந்த மண்டபத்தை வெறிக்கும்பல் தாக்கிற்று. வேலை தர எவரும் முன்வரவில்லை. ஊரை விட்டே போனார். பல்லாண்டு கழித்துத் திரும்பிப் பள்ளி ஆசிரியையாக வாழ்ந்து, 1999இலே மறைந்தார். இப்போது அவர் படத்தைச் சுவரிலே தீட்டுகிறார்கள்! அங்கே சுவர், இங்கே மாளிகை. உயிரோடு இருந்தபோது ஊரை விட்டு விரட்டு; செத்த பிறகு சுண்ணாம்பும் வர்ணமும் கொண்டு வா! உலகெங்கும் இந்த நாடகம் ஒரே ஒத்திகையோடுதான் நடக்கிறது போலும்.

நம் ஊர் நாடகத்துக்கு வருவோம். மணலை மனத்திலே இருத்தச் சொன்னோமே, அந்த மணலிலே பின்னர் நடந்தது என்ன?

1959இலே மெரீனாவிலே உழைப்பாளர் சிலை எழுந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. பாறையைப் புரட்டும் நான்கு மனிதர். நரம்பு தெறிக்கும் உழைப்பு. கலையிலே குறை சொல்வாரில்லை. அந்தச் சிலைக்கு முன்னால் மாலை விழுகிறது. மே நாளிலே முழக்கம் எழுகிறது. 1985இலே அதே மெரீனாவை 'அழகுபடுத்த' அரசு புறப்பட்டது. அழகுக்கு இடையூறு எது தெரியுமா? கட்டுமரம்! வலை! மீனவன்! கட்டுமரங்களும் வலைகளும் அப்புறப்படுத்தப்பட்டன, எதிர்த்தவர் மீது டிசம்பரிலே காவல்துறை சுட்டது, மீனவர் மாண்டனர். வெண்கலத்தில் உழைத்தால் மாலை. வியர்வையில் உழைத்தால் தோட்டா! அப்போது கோட்டையிலே இருந்தது வெள்ளையன் அல்லன். அண்ணாவின் பெயரைக் கட்சிப் பெயரிலேயே வைத்திருந்தவர்களின் ஆட்சி.

2004 டிசம்பர் 26இலே கடல் பொங்கிற்று. கரையோரம் இழந்தவர்களுக்குக் கரையோரமே வீடு தருவர் என்று எண்ணினால், சீனிவாசபுரத்தாரும் பட்டினப்பாக்கத்தாரும் பலர் செம்மஞ்சேரிக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டனர். (நீதி கேட்டு நகரை எரித்தவள் பெயரை, நகரிலிருந்து எறியப்பட்டவர்களின் குடியிருப்புக்கு வைத்த புலமையை என்னென்பது!) கடல் தொழிலாளியைக் கடலிலிருந்து பல கல் தொலைவிலே கொண்டுபோய் வைத்தால் அவன் விடியுமுன் எப்படி வலை ஏற்றுவான்? மீன் விற்கும் தாய் கூடையோடு எந்தப் பேருந்திலே ஏறுவாள்? "கூடையா? இறங்கு, இறங்கு!" என்று கத்தும் நடத்துநரை அவள் நாள்தோறும் வெல்ல வேண்டுமா? மாற்று வீடு கட்டினோம் என்று கணக்கெழுதுவோர், அந்த வீட்டிலிருந்து அவள் தொழில் எத்தனை தொலைவு என்ற கணக்கை மட்டும் எழுதுவதில்லை.

2023 ஏப்ரலிலே, கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் செல்லும் வளைவுச் சாலையிலே, ஓரத்தில் இருந்த மீன் கடைகளெல்லாம் போக்குவரத்துக்கு இடையூறான ஆக்கிரமிப்பு என்று உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி வந்து அகற்றிற்று. மீனவர் படகைச் சாலையிலே நிறுத்தி மறித்தனர். பெண்கள் நடுச்சாலையிலே அமர்ந்தனர். அவர்கள் கேட்டது நேரான கேள்வி: "சாலைக்கு நாங்கள் வந்தோமா? எங்கள் மணலுக்குச் சாலை வந்ததா?" குப்பம் முந்தி, சாலை பிந்தி. பிந்தி வந்தது முந்தி இருந்ததைப் பார்த்து ஆக்கிரமிப்பு என்கிறது! பின்னர், ஒழுங்குக்கு உட்பட்டு விற்கலாம் என்ற இடைக்கால நிலை ஏற்பட்டது. 2024இலே அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடி கட்டியது நல்லதே. வெயிலிலே வெந்தவர்க்குக் கூரை கிடைத்தது. அதைக் குறை சொல்லும் குணம் நமக்கில்லை. ஆனால் அங்காடிக் கூரை வேறு, மணலின் உரிமை வேறு. படகு நிறுத்த இடம், வலை பின்ன இடம், கருவாடு உலர்த்த இடம், ஏலம் கூற இடம் ஆகிய நான்கும் போய்விட்டால் அங்காடியிலே விற்க மீன் எங்கிருந்து வரும்? ஆந்திரத்திலிருந்து பனிக்கட்டிப் பெட்டியிலா?

கலங்கரை விளக்கம் தொட்டுத் தெற்கே கடலோரமாக மேம்பாலச் சாலை என்ற திட்டமும் அவ்வப்போது பெட்டியிலிருந்து தலை நீட்டுகிறது. அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் குடியிருக்கும் சீமான்கள் கோட்டைக்குக் கால் மணி முன்னதாகப் போய்ச் சேர வேண்டுமாம். அந்தக் கால் மணிக்கு விலை, ஊரூர்க் குப்பத்தானின் ஆயுட்காலத் தொழில்!

இதற்கெல்லாம் நம்மவர் வீட்டு மூக்கும் ஒரு காரணம் என்று கூறினால் சினம் கொள்ளாதீர். நெய்தல் திணையைப் பற்றி மூன்று மணி நேரம் முழங்கும் நாவலர்கள் நம்மிடையே உண்டு. பரதவர் வலை வீசும் காட்சி, கானலிலே மீன் உலர்த்தும் காட்சி, புன்னை நிழல், உப்பங்கழி என்று உருகி உருகிப் பேசுவர். பட்டினப்பாலையின் புகழ் பாடுவர். கூட்டம் முடிந்து சாந்தோம் வழியாகக் காரிலே வீடு திரும்புகையிலே, நொச்சிக்குப்பத்தருகே கண்ணாடியை ஏற்றிவிடுவர்! ஏட்டு நெய்தல் மணக்கிறது. எதிரே உள்ள நெய்தல் நாறுகிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பரதவனுக்கு மேடையிலே மாலை, இன்றைய பரதவன் மகள் வாடகைக்கு வீடு கேட்டால், "நீங்கள் அசைவமா?" என்று மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் கேள்வி. அசைவமா என்பது, எந்தச் சாதி என்பதன் நாகரிகத் தமிழ் என்பது யாருக்குத் தெரியாது?

சட்டம் ஒன்றும் இல்லாமலில்லை. 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் குடியிருப்பை மட்டுமன்று, அவர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் இடங்களையும், படகு நிறுத்துமிடம், மீன் உலர்த்துமிடம் முதலியவற்றை, வரைபடத்திலே குறிக்க வேண்டும் என்றது. அவர்தம் நாளைய வீட்டுத் தேவைக்கும் திட்டம் வேண்டும் என்றது. வரைபடத்திலே குறித்துவிட்டால், பிறகு அந்த இடத்தை 'வெற்றுப் புறம்போக்கு' என்று சொல்ல இயலாது. 'காலி மணல்' என்று கூறிச் சாலை போட இயலாது. ஆகவே சண்டை துப்பாக்கியோடு மட்டுமன்று, பென்சிலோடும் நடக்கிறது. எந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதிலே இருக்கிறது குப்பத்தின் உயிர். கோடு போடுகிறவர் பெரும்பாலும் குப்பத்துக்குப் போனதில்லை. குப்பத்தாருக்கோ கோடு தெரிவதில்லை.

பிப்ரவரி 18 ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. படத்துக்கு மாலையும் பத்திரிகைக்கு அறிக்கையும் தவறாமல் வருகின்றன. இளந்தோழர்களே, அடுத்த பிப்ரவரி 18இலே மாலைக்குச் செலவழிக்கும் காசைச் சேமித்து, குப்பத்துப் பெரியவர்களையும் மீன் விற்கும் தாய்மாரையும் அழைத்துக்கொண்டு, சிங்காரவேலர் மாளிகைக்குள் செல்லுங்கள். அயோத்தியாகுப்பம் முதல் ஊரூர்க் குப்பம் வரையிலான வரைபடத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். படகு நிற்கும் இடம் இதிலே எங்கே, வலை காயும் இடம் எங்கே, ஏலம் கூறும் இடம் எங்கே என்று அந்தத் தாய்மாரே விரல் வைத்துக் கேட்கட்டும். குறிக்கப்பட்டிராவிட்டால், குறிக்கும்படி மனு எழுதிக் கொடுத்து, அலுவலக முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.